மிஸ், நீங்க ஃப்ரீதானே?

காலை ஆறே காலுக்கு எங்கள் பள்ளிப் பேருந்து குதைபியாவில் எங்கள் தெருமுனைக்கு வரும். முனையில் ஒரு கோல்ட் ஸ்டோர். நம் ஊர் மளிகைக் கடைக்கு பஹ்ரைனில் அதுதான் பெயர். அதன் வாசலில் நிற்கும்போதே பல நாள் தொலைபேசி அடிக்கும். எடுக்காமலே விஷயம் தெரியும். யாரோ ஓர் ஆசிரியருக்குக் காய்ச்சல், அல்லது யாருடைய பிள்ளைக்கோ காய்ச்சல். மேற்பார்வையாளர் நல்ல பெண்மணி. வணக்கம் சொல்லி, உடம்பு விசாரித்து, பிறகுதான் கேட்பார்: "மிஸ், நீங்க ஃப்ரீதானே?"

நான் பள்ளி நூலகர். நூலகருக்கு வகுப்பு கிடையாது. வகுப்பு இல்லாதவர் ஃப்ரீ. அதனால் வராத ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார வேண்டியவர். இந்தக் கணக்கில் பிழை காண்பது எனக்கே பல வருடம் முடியவில்லை. "ஆமாம் மேடம்" என்பேன். அன்று நூலகக் கதவில் பூட்டு தொங்கும்.

2006இல் இந்த வேலைக்கு வந்தேன். திருச்சியிலிருந்து கணவரோடு வந்து இரண்டு வருடம் குதைபியாவில் சும்மா இருந்த பிறகு கிடைத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் படித்த நூலக அறிவியல் பட்டம் பெட்டிக்குள் கிடந்தது. வளைகுடாவில் இருக்கும் பல இந்தியப் பள்ளிகளைப் போல எங்களுடையதும் சி.பி.எஸ்.இ. பள்ளி. நூலக அறை குறைந்தது 14 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்று அதன் இணைப்பு விதிகள் சொல்லும். எங்கள் அறை அந்த அளவுக்கு ஒரு சாண் கூடுதலாகவே இருந்தது. அறையை அளக்க நாடா போதும். அதற்குள் என்ன நடக்க வேண்டும் என்பது அந்தந்தப் பிரின்சிபாலின் மனதில் இருப்பதைப் பொறுத்தது. இதுவரை மூன்று பேரிடம் வேலை பார்த்துவிட்டேன்.

முதலாமவர் கண்டிப்பானவர், நேர்மையானவர். அவர் படித்த ஊர்ப் பள்ளியில் நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் ஓர் இரும்பு பீரோ. சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில். வருடத்துக்கு ஒருமுறை திறந்து, தூசி தட்டி, எண்ணி, மூடுவார்கள். அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னது இது. நான் படித்த பள்ளியிலும் அப்படித்தான் இருந்தது. எங்கள் பீரோவின் கண்ணாடி வழியே புத்தக முதுகுகளில் இருந்த பெயர்களை மட்டும் படித்தே நான் ஆறாம் வகுப்பை முடித்தேன்.

அவருக்கு நூலகம் ஒரு சொத்து. சொத்துக்குக் காவல் வேண்டும். முதல் வருடக் கடைசியில் புத்தகங்களை எண்ணியபோது பதினான்கு குறைந்தது. விளக்கக் கடிதம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். புத்தகங்களின் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். தொகை பெரிதில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வீட்டுக்குக் கிடையாது என்றேன். விலை கூடிய படப் புத்தகங்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினேன். அடுத்த வருடம் ஒன்றுகூடக் குறையவில்லை. பிரின்சிபால் எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். நான் சின்ன வயதில் பார்த்த பீரோவை நானே மறுபடி செய்து வைத்திருந்தேன்.

நூலக அறிவியல் படித்த ஒவ்வொருவருக்கும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதனைத் தெரியும். அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை மனப்பாடம் செய்துதான் பரீட்சையில் தேறினோம். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்காக என்பது அதில் முதலாவது. அந்த விதிக்கு நேர் எதிராக வேலை செய்து நான் பாராட்டு வாங்கியிருந்தேன்.

ரங்கநாதன் கதையில் எனக்குப் பிடித்த இடம் விதிகள் அல்ல. அவர் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். சில நாளிலேயே அந்தத் தனிமை தாங்காமல், பழைய ஆசிரியர் வேலையையே திருப்பித் தாருங்கள் என்று மேலிடத்தில் போய் நின்றார். அவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. லண்டன் போய் இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் ஆசிரியர் வேலை உங்களுக்குத்தான் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். போனார். அங்கே நூலகங்கள் ஊர் மக்களோடு சேர்ந்து இயங்குவதைப் பார்த்தார். 1925இல் திரும்பி வந்தவர் பிறகு கணிதப் பக்கம் போகவே இல்லை. இந்திய நூலகத் துறையின் தந்தை என்று நாம் சொல்லும் மனிதருக்குக்கூட, இந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்ள நேரமும் செலவும் கொடுக்க மேலே யாரோ சிலர் தேவைப்பட்டார்கள். அவர்களின் பெயர்களை நாங்கள் மனப்பாடம் செய்யவில்லை.

இரண்டாவது பிரின்சிபால் 2012இல் வந்தார். பெண்மணி. புத்தகங்களை உண்மையாகவே நேசித்தவர். வந்த வாரமே நூலகத்துக்கு வந்து அலமாரி அலமாரியாகத் தொட்டுப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக் கதவுகளைக் கழற்றச் சொன்னார். தொலைந்த புத்தகம் வாசித்த புத்தகம் என்பார். 2016ஐ ஐக்கிய அரபு அமீரகம் வாசிப்பு ஆண்டாக அறிவித்து, வாசிப்புக்கென்றே ஒரு சட்டமும் கொண்டுவந்தது. துபாயில் தொடங்கிய அரபு வாசிப்புப் போட்டி அதற்கு முந்தைய வருடமே வந்திருந்தது. அலை எங்கள் தீவையும் தொட்டது. எங்கள் நூலகத்துக்கு வண்ண மெத்தைகள் வந்தன, சுவரில் மரம் வரைந்தார்கள், வந்த விருந்தினர்களையெல்லாம் முதலில் அங்கேதான் அழைத்து வந்தார்.

ஆனால் அதே வருடங்களில்தான் "நீங்க ஃப்ரீதானே?" அதிகமானது. கால அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒன்று என்று இருந்த நூலக பீரியட், முதலில் பத்தாம் வகுப்புக்குப் போனது, பிறகு ஒன்பதுக்கு, பிறகு எட்டுக்கு. கணக்குக்கும் அறிவியலுக்கும் நேரம் போதவில்லை. போய்ச் சொல்லலாம் என்று இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போனேன். இவ்வளவு அன்பாக இருப்பவரிடம் எப்படிக் குறை சொல்வது என்று திரும்பிவிட்டேன். கோபக்காரரிடம் பேசப் பயந்தது ஒரு காலம். அன்பானவரிடம் பேசக் கூச்சப்பட்டது இன்னொரு காலம். இரண்டிலும் நான் பேசவில்லை.

அவரிடம் ஒன்றே ஒன்று வாய்விட்டுக் கேட்டேன். தமிழ்ப் புத்தகம் வாங்க அனுமதி. எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. பலர் இந்தியையோ பிரெஞ்சையோ இரண்டாம் மொழியாக எடுத்தவர்கள். "யார் வாசிப்பார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை. அதனால் ஒவ்வொரு விடுமுறையிலும் திருச்சியிலிருந்து பெட்டியில் இருபது முப்பது புத்தகம் கொண்டுவந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கைக் குறைத்துக்கொண்டு கொண்டுவந்தவை. பள்ளிப் பணத்தில் வாங்காததால் அவை பதிவேட்டில் ஏறவில்லை. கடைசி அலமாரியின் கீழ்த் தட்டில், தமிழ் இலக்கியத்துக்கு டூயி முறையில் உள்ள 894.811 என்ற எண்ணை ஒட்டி அடுக்கி வைத்தேன்.

வளைகுடாப் பள்ளி நூலகருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்போது மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒரு படிவம் சுற்றும். கணக்கு அலுவலகம், ஆய்வகம், நூலகம் என்று எல்லா இடத்திலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வேண்டும். ஆகவே எந்த வீட்டில் வேலை போனது, எந்தக் குடும்பம் மூட்டை கட்டுகிறது என்பது எனக்குத் தெரிந்துவிடும். 2009இல் படிவங்கள் வந்தன. எண்ணெய் விலை சரிந்த பிறகு 2016இலும் வந்தன.

அப்படி 2016இல் ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி படிவத்தோடு வந்தாள். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. மதுரைப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போகிறார்கள், மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு அங்கே தமிழ் கட்டாயம். இவள் இங்கே இந்தி படித்தவள். வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவாள், ஓர் எழுத்து தெரியாது.

நான் புத்தகக் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடும்போது மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், கீழ்த் தட்டுல இருக்கிற தமிழ் புக் எடுத்துப் பழகலாம்னு மூணு நாள் லஞ்ச் பிரேக்ல வந்தேன். பூட்டி இருந்துச்சு."

மூன்று நாளும் நான் ஏழாம் வகுப்பு சி பிரிவில் இருந்தேன். பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மதிய உணவும் அந்த வகுப்பிலேயே.

கீழ்த் தட்டிலிருந்து எழுத்துப் படப் புத்தகம் ஒன்றும், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் நான்கும் எடுத்துக் கொடுத்தேன். "திருப்பித் தர முடியாதே மிஸ்" என்றாள். பதிவேட்டிலேயே இல்லாத புத்தகத்துக்கு ஏது பாக்கி என்றேன். சிரித்தாள். போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், கிடைத்ததா, நூலகம் எந்தெந்த பீரியட் பூட்டியிருந்தது, ஏன் என்று தினமும் எழுதினேன். யாரிடமும் காட்ட அல்ல. எனக்கே ஒரு தண்டனை மாதிரி.

அந்த நாட்களில்தான் கேரி ஹார்ட்சல் என்ற அமெரிக்கரின் எழுத்துகள் கைக்கு வந்தன. உயர்நிலைப் பள்ளியில் பிரின்சிபாலாக இருந்து, பிறகு நெப்ராஸ்காவில் பேராசிரியராகி, பள்ளி நூலகர்கள் ஏன் யார் கண்ணுக்கும் படுவதில்லை என்று 1990களில் எழுதியவர். அவர் யாரையும் திட்டவில்லை. பிரின்சிபாலுக்கான படிப்பில் நூலகம் பற்றி ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆகவே தாம் மாணவராக இருந்தபோது பார்த்த நூலகத்தைத்தான் அவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள். நூலகரின் உழைப்போ ஆசிரியரின் பாடத்திலும் மாணவரின் கட்டுரையிலும் கரைந்துபோகிறது, தனியாகத் தெரிவதில்லை. தானும் ஒரு பிரின்சிபாலாக இருந்தவர் சொல்வதால் எனக்கு அது உறைத்தது. பீரோக்காரரும் மெத்தைக்காரரும் ஒரே மாதிரிதான். ஒருவர் பார்த்தது சொத்து, மற்றவர் பார்த்தது அழகு. அங்கே ஒரு ஆள் வேலை செய்கிறாள் என்பதை இருவரும் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

மூன்றாவது பிரின்சிபால் 2018இல் வந்தார். மலையாளி, இயற்பியல்காரர். பி.என்.பணிக்கர் 1945இல் கட்டத் தொடங்கிய கிராம நூலக இயக்கம் அவர் ஊரையும் எட்டியிருந்தது. ஊர் நூலகத்தில் பத்திரிகை படித்து, கேரம் விளையாடி வளர்ந்தவர். நல்ல காலம் வந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் மனதில் நூலகம் ஊருக்குச் சொந்தமானது, சாயங்காலத்துக்கு உரியது. பள்ளி நேரத்தில் அதற்கு என்ன வேலை என்பது அவருக்கும் பிடிபடவில்லை. இரண்டு வருடம் "நீங்க ஃப்ரீதானே?" தொடர்ந்தது.

2020 பிப்ரவரி கடைசியில் பஹ்ரைனில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார். அதே வாரம் பள்ளிகள் மூடப்பட்டன. ஏப்ரலில் கட்டணம் கட்ட முடியாத பெற்றோர் கூடினார்கள். யாரையெல்லாம் நிறுத்தலாம் என்று ஒரு பட்டியல் தயாராவதாகக் கேள்விப்பட்டோம். கட்டடமே பூட்டியிருக்கும்போது நூலகர் எதற்கு? என் பெயர் அதில் இருந்தது. கணவரின் கம்பெனி அதற்கு முந்தைய வருடம்தான் மூடியிருந்தது. வாடகையும் திருச்சியில் படிக்கும் மகனின் கல்லூரிக் கட்டணமும் என் சம்பளத்தில். இங்கே வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை, விசாவும் போகும் என்பதை இதைப் படிக்கும் பலருக்கு விளக்க வேண்டியதில்லை.

நோட்டுகள் அதற்குள் ஒன்பது ஆகியிருந்தன. இரண்டு இரவு உட்கார்ந்து அவற்றை ஒரே பக்கமாகச் சுருக்கினேன். எத்தனை புத்தகம் இருக்கிறது என்று எழுதவில்லை. மதிய இடைவேளையில் தினமும் வரும் பிள்ளைகள் யார், அவர்களில் விளையாட்டு மைதானத்தில் தனியாக நிற்பவர்கள் எத்தனை பேர், எந்த ஆசிரியர் எந்தப் பாடத்துக்கு என்னிடம் என்ன கேட்டார், ஒரு கல்வியாண்டில் நூலகம் திறந்திருந்த பீரியட் எத்தனை, பூட்டியிருந்தது எத்தனை. பூட்டியிருந்ததுதான் அதிகம். கடைசியில், பள்ளி மூடியிருக்கும் இந்த மாதங்களில் என்னால் என்ன செய்ய முடியும் என்று நான்கு வரி.

காணொளியில்தான் சந்திப்பு. அவர் அந்தப் பக்கத்தை வாசித்து முடிக்கும்வரை என் மடியில் கை நடுங்கியது திரையில் தெரியவில்லை. நிமிர்ந்து கேட்டார்: "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

நீங்கள் ஏன் முன்பே கேட்கவில்லை என்று பதில் நாக்கு நுனிக்கு வந்தது. சொல்லவில்லை. பதினான்கு வருடம் மூன்று பேரிடம் நான் சொல்லாதது உண்மை. அவர்கள் மூவரும் கேட்காததும் உண்மை.

முடிவு சினிமாவில் வருவது மாதிரி இல்லை. என்னை நிறுத்தவில்லை. ஆறு மாதம் பாதிச் சம்பளம். அந்த ஆறு மாதமும் வாரம் நான்கு நாள் காணொளியில் கதை வாசித்தேன், பெரிய வகுப்புகளுக்கு இணையத்தில் தேடுவதையும், வந்த தகவலைச் சந்தேகப்படுவதையும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது மாதத்திலிருந்து அந்த வகுப்புகளில் பிரின்சிபால் சத்தமில்லாமல் வந்து உட்காரத் தொடங்கினார். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்பார்.

பள்ளி மறுபடி திறந்தபோது மூன்று மாற்றம் வந்தது. ஆறாம் வகுப்புமுதல் எட்டாம் வகுப்புவரை வாரம் ஒரு நூலக பீரியட் அட்டவணையில் என் பெயரோடு அச்சாகியது. அதை வேறு பாடத்துக்கு எடுக்க வேண்டுமானால் பிரின்சிபாலிடம் எழுதிக் கேட்க வேண்டும். புத்தகம் வாங்க ஒரு சிறு தொகை, என்ன வாங்குவது என்பது என் முடிவு. மூன்றாவது, துறைத் தலைவர்கள் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி. முதல் கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் எட்டாம் வகுப்பு எந்தப் பாடம் நடத்தப் போகிறது என்று முதல்முறையாக முன்கூட்டியே தெரிந்துகொண்டேன். புத்தகங்களை எடுத்து வைக்க அது போதும்.

பள்ளி நூலகங்களுக்காக உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, நூலகர் ஆசிரியர்களோடும் தலைமையோடும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று பல பக்கம் சொல்கிறது. எனக்கு அது ஒரு நாற்காலியாக வந்து சேர்ந்தது. பாராட்டு, மெத்தை, சுவரில் மரம் எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு பிரின்சிபால் நூலகரை ஆதரிக்கிறாரா என்று தெரிந்துகொள்ள இப்போதெல்லாம் நான் கால அட்டவணையைத்தான் பார்க்கிறேன்.

கீழ்த் தட்டில் இருந்த தமிழ்ப் புத்தகங்கள் இப்போது பதிவேட்டில் ஏறிவிட்டன. இடுப்பு உயரத் தட்டுக்கு மாறிவிட்டன. சாவி மேற்பார்வையாளரிடமும் ஒன்று இருக்கிறது. நான் இல்லாத மதியங்களில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் திறந்து வைக்கிறார்கள். பரீட்சை மாதங்களில் இன்னமும் வேறு வகுப்புகளுக்குப் போகத்தான் செய்கிறேன். பள்ளி என்றால் அப்படித்தான்.

வரும் ஏப்ரலில் புதுக் கல்வியாண்டு. மூன்றாமவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறார். அவர் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். நான்காமவர் எப்படிப்பட்ட நூலகத்தைப் பார்த்து வளர்ந்தவர் என்று எனக்குத் தெரியாது. முதல் வாரமே போய்க் கேட்கப் போகிறேன். சின்ன வயதில் உங்கள் பள்ளியில் நூலகம் எப்படி இருந்தது சார், அல்லது மேடம்? அவர் சொல்லி முடித்ததும் கொடுக்க, இந்த வருடத்து நோட்டுகளிலிருந்து ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரமும் கோல்ட் ஸ்டோர் வாசலில் தொலைபேசி அடித்தது. அதே வணக்கம், அதே உடம்பு விசாரிப்பு, அதே கேள்வி.

"இல்ல மேடம்," என்றேன். "நாலாவது பீரியட் ஆறாம் வகுப்பு பி என்கிட்ட வருது. ரெண்டாவதுக்கு வேணும்னா போறேன்."

"அப்ப ரெண்டாவது போதும்," என்றார். பேருந்து வந்துவிட்டது.